பதினொரு வளையலும் ஒரு கையெழுத்தும்

10 ஜூன் 2024, திங்கள்

நேற்று என் மகள் தாரணிக்கு வளைகாப்பு. சாயங்காலமே பெண்ணைத் தாராபுரத்துக்கு அழைத்து வந்துவிட்டோம். இனிப் பிரசவம் முடிந்து மூன்று மாதம் வரை என் வீட்டில்தான். இந்த ஒன்றைத் தவிர நேற்று நடந்த எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சம்பந்தி ஊர் மண்டபத்தில் விசிறி ஓடவில்லை. மேனேஜரைத் தேடினால் ஆளைக் காணோம். முப்பத்து நான்கு வருடம் பஸ் டிப்போவில் குப்பை கொட்டியவன், ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன், ஒரு விசிறிக்காக இன்னொருத்தன் வரும் வரை உட்கார்ந்திருப்பேனா? ஸ்டூல் போட்டு ஏறி நானே சரி செய்தேன். சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவருக்கு எங்க போனாலும் ஒரு ஸ்பேனர் வேணும்" என்று நாலு பேர் முன்னால் சிரித்தார். விசிறி ஓடியதும் முதலில் அதன் கீழே போய் உட்கார்ந்தவரும் அவர்தான்.

எங்கள் ஊர்க் கடைவீதி வளையல்கடை நூர்ஜகான் எங்களோடு வந்து வளையல் போட்டுவிட்டார். கைக்குப் பதினொன்று. சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல். வலது கையில் கொஞ்சம் இறுக்கம். "வலி வர்ற வரைக்கும் ஒண்ணுகூடக் கழட்டப்படாதுங்க. அப்பறம் கழட்டி நர்சம்மாகிட்டக் குடுக்கறதுதான் மொறை" என்று சம்பந்தியம்மா மூன்று முறை சொன்னார். எங்களுக்குத் தெரியாதாம்!

15 ஜூன், சனி

மொபெட் செயினைக் கழற்றிப் பின்வாசலில் வைத்து டீசலில் ஊறப்போட்டுத் துலக்கினேன். டின் சாய்ந்து கொஞ்சம் கொட்டிவிட்டது. சாக்கைப் போட்டுத் துடைத்தேன். மீதியை நாளைக் காலையில் சோப்புத்தூள் போட்டுக் கழுவ வேண்டும். "டிப்போவையே ஊட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க" என்று பூங்கொடி ஒரு பாட்டம் பாடித் தீர்த்தாள். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் அவளுக்கு டீசல் வாடை பழகவில்லை.

16 ஜூன், ஞாயிறு

காலை ஆறரைக்குத் தாரணி பின்வாசலில் விழுந்துவிட்டாள்.

கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போயிருக்கிறாள். ஏழு மாதம் தாண்டிய பெண்ணுக்கு விடிந்ததும் விடியாததுமாகத் துணி எடுக்கிற வேலை எதற்கு? பூங்கொடி எங்கே போனாள்? எல்லாவற்றுக்கும் மேல் அந்தச் செருப்பு. மாப்பிள்ளை கோகுல் தான் வேலை பார்க்கிற ஓசூரிலிருந்து வாங்கி வந்தது. அடியில் வழவழவென்று, கண்ணாடி மாதிரி. கர்ப்பிணிப் பெண்ணுக்கு இதை வாங்குகிறவனை என்னவென்று சொல்ல?

விழும்போது வயிற்றைக் காப்பாற்ற வலது கையை ஊன்றியிருக்கிறாள். கெட்டிக்காரி. பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. துடிப்பு நன்றாக இருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அங்கிருந்த டாக்டர் சின்னப் பையன். கையையும் பிடித்துப் பார்த்துவிட்டு என்னென்னவோ சொன்னான். கை கொஞ்சம் வீங்கியிருந்தது. விழுந்தால் வீங்காதா? ஏதோ ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வலது கை வளையலில் மூன்று உடைந்துவிட்டன. பூங்கொடிக்கு அதுதான் பெரிய கவலை.

வந்ததும் பின்வாசலை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அந்தச் செருப்பைக் குப்பையில் வீசலாம் என்று தேடினால் காணவில்லை. பிறகு பார்த்தால் யாரோ கழுவி மதில்மேல் காய வைத்திருக்கிறார்கள். பூங்கொடியாக இருக்கும்.

17 ஜூன், திங்கள்

தைலம் தேய்த்தோம். வலிக்கிறது என்கிறாள்.

19 ஜூன், புதன்

சம்பந்தியம்மா வீடியோ காலில் பேசினார். தாரணி இடது கையை மட்டும் காட்டிப் பேசி முடித்தாள். எத்தனை நாளைக்கு இப்படி ஏமாற்ற முடியும்? உடைந்தது தெரிந்தால் அந்த அம்மாள் எட்டூருக்குக் கேட்கிற மாதிரி ஒப்பாரி வைப்பார். அதனால் நூர்ஜகானைக் கூப்பிட்டு, அதே நிறத்தில் மூன்று வளையல் போட்டுக் கணக்கைச் சரி செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

நூர்ஜகான் வந்து உட்கார்ந்து தாரணியின் கையைத் தன் மடியில் வாங்கினார். வளையலை எடுக்கவே இல்லை. விரல் விரலாகத் தடவிக்கொண்டே வந்தார். கட்டை விரலை விரித்தால் மணிக்கட்டுப் பக்கம் ஒரு சிறு பள்ளம் விழும். அங்கே ஒரு விரலை வைத்து மெல்ல அழுத்தினார். தாரணி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தக் கைக்கு நான் வளையல் ஏத்த மாட்டேங்க" என்றார்.

"ஏனுங்க?"

"நாப்பது வருசமாக் கை புடிக்கறேன். அடிபட்ட கைன்னா கையெல்லாம் வலிக்கும். இவுங்களுக்கு ஒரே எடத்துல குத்துது. எலும்பு டாக்டர்கிட்டக் காட்டுங்க. இருக்கறதையும் கழட்டிருங்க, கை வீங்கிட்டே வருது."

எனக்கு வந்ததே ஆத்திரம். வளையல் விற்க வந்தவர் வைத்தியம் பார்க்கிறாராம். எலும்பு உடைந்திருந்தால் விரலை அசைக்க முடியுமா? தாரணி ஐந்து விரலையும் அசைக்கிறாள். கை கோணவில்லை, தொங்கவில்லை. "உங்க வேலை என்னமோ அதைப் பாருங்க" என்று நேராகவே சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் எழுந்தார். மூன்று வளையலையும் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தேங்காய் எண்ணெய் தடவி எப்படியோ மூன்றும் ஏறிவிட்டன.

20 ஜூன், வியாழன்

தாரணி என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

24 ஜூன், திங்கள்

மாதாந்திரச் செக்கப். பிரசவம் பார்க்கப் போகிற டாக்டரம்மாவிடம் கையைக் காட்டினோம். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்த நேரம் ஒரு நிமிடம் இருக்கும். "கர்ப்ப காலத்துல நீர் கோத்துக்கிட்டு மணிக்கட்டு நரம்பை அழுத்தும். நெறையப் பேருக்கு வர்றதுதான். குழந்தை பொறந்ததும் தானாப் போயிரும்" என்றார்.

தாரணி, "விழுந்ததுக்கு அப்பறம்தானுங்க மேடம் வலி" என்றாள்.

"விழுந்தன்னைக்கே பார்த்துட்டாங்கல்ல?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பார்த்தாச்சுங்க. ஒண்ணுமில்லைனுட்டாங்க" என்றேன்.

கேட்டாயிற்றா? எம்.டி. படித்தவர் சொல்கிறார், நரம்பு, நீர் என்று. இனி வளையல்கடைக்காரரிடம் போய்க் கையைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. வழியில் பூங்கொடிக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். தாரணி வேண்டாம் என்றுவிட்டாள்.

1 ஜூலை, திங்கள்

இன்று சாப்பாட்டில் சண்டை. தாரணி இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறாள். "சோத்தைக் கையில எடுத்துத் தின்னு சாமி, இப்படித் தின்னா நல்லா இருக்காது" என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எல்லோரும் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறோம். என் அம்மா என்னைப் பெற்ற அன்று காலையில் கூடக் களை எடுத்தாள். இவளுக்குக் கதவுத் தாழ்ப்பாள் திருக முடியாது. பல் துலக்க இடது கை. ஈரத் துணியைப் பிழிய முடியாமல் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறாள். நேற்று காபி டம்ளரைக் கை நழுவவிட்டாள். பூங்கொடி, "மாசமா இருக்கறப்ப அப்படித்தானுங்க" என்கிறாள். பிறகென்ன? எல்லோரும் அதைத்தானே சொல்கிறோம்.

7 ஜூலை, ஞாயிறு

மாப்பிள்ளை ஓசூரிலிருந்து வந்திருந்தார். வந்த கால் மணி நேரத்தில், "மாமா, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துரலாமே" என்று ஆரம்பித்தார்.

"எடுக்கலாம் மாப்ளே. வளையலக் கழட்டணும். உங்கம்மாகிட்ட நீங்களே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

அவ்வளவுதான். போனை எடுத்தார், வைத்தார். "பிரசவம் ஆகட்டும் மாமா, இன்னும் ஏழு வாரம்தானே" என்றார். அம்மாவிடம் பேசத் தைரியம் இல்லாதவர் எனக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்.

தாரணி இதையெல்லாம் அறைக் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "வர்றவங்க எல்லாரும் வயித்தையே கேக்கறீங்க. இந்தக் கையும் என்னோடதுதான்" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

12 ஜூலை, வெள்ளி

திருப்பூரிலிருந்து தாரணியின் முதலாளி போன் செய்தார். அவள் அங்கே பல் செட் செய்கிற லேபில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். மெழுகில் பல்லைச் செதுக்கி வார்ப்புக்குக் கொடுக்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளம் அவளைப் போலச் செதுக்க அங்கே ஆள் இல்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். பிரசவ விடுப்பு முடிந்து நிச்சயம் வருவாள்தானே என்று கேட்டார். மனிதனுக்கு அவசரத்தைப் பார்! வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது?

மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தாரணி கட்டிலில் உட்கார்ந்து ஒரு துண்டு மெழுகும் அந்தச் சின்னக் கத்தியும் வைத்திருந்தாள். கத்தியைப் பிடித்தாள். திருப்பினாள். கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. நாலாவது முறை மெழுகை வீசி எறிந்தாள். அது சுவரில் பட்டு விழுந்தது.

நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்தேன். ஒரு வேலையும் இல்லை.

14 ஜூலை, ஞாயிறு

சம்பந்தியம்மா வந்தார். வந்ததும் மருமகளின் இரண்டு கையையும் பிடித்து வளையல் எண்ணினார். பதினொன்று, பதினொன்று. "அப்படியே இருக்குது. நல்லா வளந்தவ" என்று மெச்சினார். பிடித்த பிடியில் தாரணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. மாமியார் பாசத்தில் அழுகிறாள் என்று சம்பந்தியம்மா நினைத்துக்கொண்டு அவரும் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு ஏனோ இன்று சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

20 ஜூலை, சனி

காலையில் பெரிய ரகளை.

ஆரம்பித்தது நான்தான் என்று பூங்கொடி சொல்கிறாள். நான் சொன்னது ஒன்றே ஒன்று. "இதென்ன, தெனமும் கை கைன்னு ஒரே பாட்டு?" அவ்வளவுதான்.

தாரணி திரும்பினாள். அவள் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அப்பா, நீங்க டிப்போல இருக்கறப்ப டிரைவர் புகார் நோட்டுன்னு ஒண்ணு வெச்சிருந்தீங்கள்ல?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"ஸ்டியரிங் இழுக்குதுன்னு ஒரு டிரைவர் எழுதினா என்ன பண்ணுவீங்க? வண்டி பாக்க நல்லாத்தான இருக்குது, ஓட்டுன்னு அனுப்புவீங்களா?"

"அதெப்படி? ஓட்டறவனுக்குத்தான தெரியும். ஸ்டியரிங்கை எறக்கிப் பாக்காம வண்டியை வெளிய உடமாட்டேன்."

"அஞ்சு வாரமா எழுதிட்டே இருக்கறனுங்கப்பா. நாந்தான் ஓட்டறேன். ஒருத்தர் எறக்கிப் பாத்தீங்களா?"

  கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனேன். பேருந்து நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற வண்டி போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழனி வண்டி ஒன்று திரும்பும்போது முன் சக்கரத்தில் சத்தம் வந்தது. அந்த டிரைவரைக் கூப்பிட்டு, இறக்கிப் பார்க்காமல் ஓட்டாதே என்று கத்தினேன். யார் நீ என்று கேட்டான்.

திங்கட்கிழமை கோயமுத்தூர் போகிறோம். எலும்பு டாக்டரிடம். பூங்கொடியிடம் சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கப் போவதில்லை.

22 ஜூலை, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

டாக்டர் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். எப்படி விழுந்தாய், எந்தக் கையை எப்படி ஊன்றினாய் என்று தாரணியிடம் மட்டுமே கேட்டார். நான் இரண்டு முறை குறுக்கே பேசினேன். "அவங்களே சொல்லட்டும் சார்" என்றார். பிறகு கட்டை விரலை விரிக்கச் சொல்லி, அந்தப் பள்ளத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். அதே இடம். அதே சத்தம். எனக்கு நூர்ஜகானின் முகம் ஞாபகம் வந்தது.

"எக்ஸ்ரே எடுக்கணும். வயித்துக்கு ஈயக் கவசம் போட்டு எடுப்போம், குழந்தைக்குப் பயம் இல்ல. ஆனா இந்த வளையல் எல்லாம் வெளிய வரணும்."

வளையல் வரவில்லை. சோப்பு, எண்ணெய், எதற்கும் அசையவில்லை. வீக்கத்தில் பதிந்துபோய் அடியில் தோல் சிவந்திருந்தது. "உடைக்கணும்" என்றார் டாக்டர். பூங்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, பொண்ணு கை வளையலை உடைக்கறது எதுக்குன்னு தெரியுமில்லீங்க? கோகுல் நல்லா இருக்கணும், வேண்டாமுங்க" என்று கும்பிட்டாள்.

"ஒடைங்கப்பா" என்றாள் தாரணி.

வெளியே போய் ஆட்டோக்காரரிடம் கட்டிங் பிளேயர் வாங்கி வந்தேன். நர்ஸ் ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுத்தார். தோலுக்கும் வளையலுக்கும் நடுவே துணிப்பட்டையை நுழைத்து, மேலேயும் ஒன்றைச் சுற்றி, ஒவ்வொன்றாக நெரித்தேன். முப்பத்து நான்கு வருடம் பிடித்த பிளேயர்தான். இன்று ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்திப் பிடித்தேன். பதினொரு முறை சத்தம் கேட்டது. ஆறாவதிலேயே பூங்கொடி வெளியே போய்விட்டாள். தாரணி கண்ணை மூடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார் டாக்டர். மணிக்கட்டில் முந்திரிப் பருப்பு அளவில் ஒரு எலும்பு. குறுக்கே ஒரு கோடு. கோடு என்று சொல்லக்கூடாது, இடைவெளி.

"அஞ்சு வாரமாச்சு. இந்த எலும்புக்கு ரத்த ஓட்டமே கம்மி, அதனால லேசுல சேராது. உடனே கட்டுப் போட்டிருந்தா நிறையப் பேருக்குச் சேர்ந்திரும். இப்ப கட்டுப் போடறேன். பிரசவத்துக்கு அப்பறம் ஆபரேஷன் பண்ணி ஸ்குரூ வைக்க வேண்டி வரலாம். இடுப்புல இருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டியும் வரலாம்."

"பழைய மாதிரி வேலை செய்ய முடியுமுங்களா மேடம்?" தாரணி கேட்டாள். "நான் மெழுகுல பல் செதுக்கறவ."

டாக்டர் படத்தை மறுபடி பார்த்தார். "முயற்சி பண்ணுவோம். இன்னைக்கு என்னால வாக்குக் கொடுக்க முடியாது" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். முதல் நாள் பார்த்த அந்தப் பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரியைப் பற்றி வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். டாக்டர் என்னை உட்கார வைத்தார். "முதல் நாள் எக்ஸ்ரேல இது தெரியாமலும் போகலாம் சார். இந்த எலும்பு அப்படித்தான். அந்தப் பள்ளத்துல வலி இருந்தா, படம் நல்லா இருந்தாக்கூட உடைஞ்சதாவே நினைச்சுக் கட்டுப் போட்டு, பத்து நாள், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். அதுதான் வழி" என்றார்.

இது எனக்குப் புதிதா? ஸ்டியரிங் ஆர்மில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசிவைப்போம். பூசியதும் எதுவும் தெரியாது. காத்திருக்க வேண்டும். உள்ளே இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து தூளில் கோடாக வரும். எத்தனை வண்டியில் எத்தனை கோடு பார்த்திருப்பேன்!

சாயங்காலம் சம்பந்தியம்மா போனில் அழுதார். "நல்லதுக்குப் போட்டதைப் பொட்டுப் பொட்டுன்னு ஒடைச்சுப் போட்டீங்களாமே சம்பந்தி" என்றார். நான் போனைப் பூங்கொடியிடம் கொடுத்துவிட்டேன்.

நாளைக் காலை முதல் வேலை பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரி. அந்தச் சின்னப் பையனை இரண்டில் ஒன்று பார்க்காமல் விடுவதில்லை.

23 ஜூலை, செவ்வாய்

ஒன்பது மணிக்குப் போனேன். ரிசப்ஷனிலேயே ஆரம்பித்துவிட்டேன். உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். "என்ற புள்ள கையை ஒடிச்சு உட்டுட்டீங்களே, நீங்கெல்லாம் டாக்டருங்களா? கோர்ட்டுக்கு இழுக்கறேன் பாருங்க" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இங்கே எழுத முடியாது.

அந்தச் சின்ன டாக்டர் வந்தான். வந்தார். ஃபைலை எடுத்து வரச் சொல்லி, ஒரு தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தார். அச்சடித்த தாள். நடுவே பேனாவால் எழுதியிருந்தது. தமிழில்தான்.

"வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்க அறிவுறுத்தினோம். வளையல்களைக் கழற்ற உறவினர் சம்மதிக்கவில்லை. தற்காலிகக் கட்டும் வேண்டாம் என்றார். பத்து நாளுக்குள் எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொன்னோம்."

கீழே ந. நாச்சிமுத்து. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. முப்பத்து நான்கு வருடமாக நான் போடும் கையெழுத்து.

"அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குங்களா ஐயா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். "புள்ளைக்கு ஒண்ணுமில்லைனுட்டீங்களே, அது போதும், கைக்குத் தைலம் தேச்சாச் சரியாப் போகும்னீங்க. உங்க பொண்ணு எக்ஸ்ரே எடுக்கலாம்னு சொன்னாங்க. நீ சும்மா இருன்னீங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிப்போவில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு சூப்பர்வைசருக்கு நான் மெமோ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். ஓட்டத் தோன்றவில்லை.

24 ஜூலை, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

25 ஜூலை, வியாழன்

இருக்கிறது. எழுதாமல்தான் இருந்திருக்கிறேன். இந்த டைரியை ஜூனிலிருந்து திருப்பிப் படித்தேன். செருப்பு, மாப்பிள்ளை, பூங்கொடி, டாக்டரம்மா, லேப் முதலாளி என்று ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை.

பின்வாசலில் டீசல் கொட்டியது நான். துடைத்துவிட்டுக் காலையில் கழுவலாம் என்று விட்டது நான். யாரும் பார்ப்பதற்குள் என்று அவசரப்பட்டு, அவளைக் கட்டிலில் படுக்க வைத்த கையோடு போய்க் கழுவியதும் நான்தான். ஏன் அவசரம் என்று எனக்குத் தெரியும்.

"எப்படியோ மூன்றும் ஏறிவிட்டன" என்று எழுதியிருக்கிறேன். எப்படியோ ஏறவில்லை. பூங்கொடி முழங்கையைப் பிடித்துக்கொள்ள, நான்தான் அந்தக் கையைக் குவித்து நெரித்து, மூன்றையும் ஏற்றினேன். அவள் "அப்பா, அப்பா" என்றாள். ஒரு நிமிடம் பொறு என்றேன். உடைந்த எலும்பின் மேல்.

இதை எழுதும்போது என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருக்கிறது. யாராவது அடித்தால் தேவலை.

மத்தியானம் நூர்ஜகான் கடைக்குப் போனேன். "நீங்க சொன்னது சரியாப் போச்சுங்க. அன்னைக்கு மரியாதை இல்லாமப் பேசிட்டேன்" என்றேன். அந்த அம்மாள் என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "புள்ளைக்குக் கட்டுப் போட்டாச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். போட்டாயிற்று என்றேன். "மூணையும் அங்க வெச்சுட்டு வந்தது என்ற தப்புத்தானுங்க" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பி வந்து சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்தேன். டீசலிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். உடைந்த வளையலுக்குப் பதில் மூன்று போட்டு உங்களை ஏமாற்றினோம் என்பதையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "அன்னைக்கு நான் எண்ணுனப்ப அவ கண்ணுல தண்ணி வந்துச்சே" என்றார். "நான் புடிச்ச புடியிலயா சம்பந்தி?" ஆமாம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

26 ஜூலை, வெள்ளி

காலையில் தாரணி பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டை விரலிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையில் கண்ணாடி வளையல் பதினொன்றும் இருக்கின்றன. நான் அவள் எதிரில் படியில் உட்கார்ந்தேன்.

"கண்ணு, அன்னைக்கு நீ உழுந்தது செருப்பால இல்ல."

"தெரியுமுங்கப்பா."

"டீசலு. நாந்தான்..."

"தெரியும். செருப்புல வாடை அடிச்சுது. அம்மா பாத்தா உங்களைப் பேசிப்போடும்னு ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் ஒத்தைக் கையில கழுவிக் காயப் போட்டேன்."

பூங்கொடி கழுவியிருப்பாள் என்று எழுதியிருந்தேன்.  கண்ணைத் துடைத்தேன். அதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அழுதீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். டீசல் கொட்டுனதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. யாரு கையிலயும் கொட்டும். அதை அன்னைக்கே மறந்துட்டேன்." அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினாள். "அஞ்சு வாரம் வலிக்குது வலிக்குதுன்னேன். நீ சும்மா இருன்னீங்க. அதை எப்படி மறக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்கப்பா. தெரிஞ்சா நானே சொல்றேன். அது வரைக்கும் கேக்காதீங்க."

சரி என்றேன்.  அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

மணி இரண்டே கால். எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள். கட்டுக்குள் விரல் மரத்துப் போகிறதாம், நுனி ஊதா நிறமாக இருக்கிறதாம். வெயில் இறங்கட்டும், கொஞ்ச நேரம் தூக்கி வைத்துப் பார்க்கலாம் என்கிறாள் பூங்கொடி. கட்டைப் பார்க்க வரச் சொல்லியிருப்பது நாளைக்குத்தானாம்.

ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். வாசலில் வந்து நிற்கிறது.